மொத்தம் நார்மல்

“மொத்தம் நார்மல்னா ஆளும் நார்மல்தாம்மா. அதுக்கு மேல பேச என்ன இருக்கு?”

“இன்னா சார் நார்மலு? முந்தாநாள் தும்முனாரு. ஒரே தும்மல்தான் சார். விலா எலும்பு ஒடஞ்சு பூட்ச்சு.”

“தும்மல் எங்க வாரியத்துல வராது. அது மூக்கு.”

“எலும்பு?”

“அதுவும் வராது. இங்க ஹார்மோன் மட்டும்தான். உங்க வீட்டுக்காரருக்கு நானூத்தி எண்பது இருக்கு. முன்னூறு இருந்தாலே போதும். பச்சை முத்திரை குத்தியாச்சு பாருங்க. இந்தப் பச்சைக்காக எத்தனை பேர் ஏங்கிட்டு இருக்காங்க தெரியுமா உங்களுக்கு?”

இப்படிச் சொன்னவர் பஞ்சாட்சரம். ஆண் ஹார்மோன் நல வாரியத்தின் விசாரணைப் பிரிவுக் கண்காணிப்பாளர். வாரியம் கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவில் இயங்கிவந்தது. யாருடைய படுக்கையறையாகவோ இருந்த இடத்தில் அவருடைய மேசை போடப்பட்டிருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பேசியவள் தாரணி. பேச்சுக்கு உரியவனான அவள் கணவன் புகழேந்தி, சுவரோரப் பெஞ்சில் இடது விலாவைக் கையால் தாங்கியபடி உட்கார்ந்திருந்தான். வேறு யாரைப் பற்றியோ பேசுகிறார்கள், அந்த ஆளின் நிலைமை கொஞ்சம் பரிதாபம்தான் என்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தான்.

புகழேந்திக்கு வயது முப்பத்தாறு. தி. நகரில் ஒரு பாத்திரக் கடையில் பதினோரு வருடங்களாக ஏணியில் நிற்பது அவன் வேலை. கீழேயிருந்து யாராவது குரல் கொடுத்தால், கூரைக்கு அடியில் இருக்கும் அடுக்கிலிருந்து அண்டாவோ தவலையோ எடுத்து இறக்கித் தருவான். அங்கிருந்து பார்க்கும்போது தி. நகர் என்பதே உச்சந்தலைகளாலும் பூச்சரங்களாலும் ஆன ஊர் என்று அவனுக்குத் தோன்றும். அது அவனுக்குப் பிடித்திருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்னால் உடம்பு மாறத் தொடங்கியது. மாலை நாலு மணிக்கெல்லாம் கைகால்கள் வேறு யாருடையவையோ ஆகிவிடும். தாடி மெலிந்தது. பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடி வீட்டில் தாரணியின் பக்கத்தில் படுத்தால் தூக்கம் ஒன்றுதான் வந்தது. போன ஆவணியில் ஒரு இட்லிக் கொப்பரையை இறக்கும்போது மணிக்கட்டு முறிந்தது. காலியான கொப்பரை.

கடை அண்ணாச்சி அவனைக் கீழ்த்தளத்தில் அட்டைப்பெட்டி மடிக்க உட்கார்த்திவைத்தார். “ஆடித் தள்ளுபடிக்குள்ள ஏணிக்கு வந்துருலே. இல்லைன்னா நான் வேற ஆள் பாக்கணும். தப்பா நினைக்காத” என்றார். புகழேந்தி தப்பாக நினைக்கவில்லை. ஏணி காலியாக நிற்கக்கூடாது என்று அவனுக்கே தெரியும்.

அவனை வாரியத்துக்கு அனுப்பியவர் மந்தைவெளியில் சிறிய மருத்துவமனை வைத்திருக்கும் டாக்டர் விஜயலக்ஷ்மி. பேருந்து டிப்போ அவருடைய ஜன்னலிலிருந்து தெரியும்.

“அதோ, எத்தனை பஸ் நிக்குது பாருங்க” என்றார் அவர். “டிப்போவுல எத்தனை இருக்குன்னு எண்றது ஒண்ணு. ரோட்டுல எத்தனை ஓடுதுங்கறது வேற. எல்லார் ரத்தத்துலயும் ஒரு புரதம் இருக்கு. ஆண் ஹார்மோனைப் பிடிச்சு வெச்சுக்கும். கொஞ்சம் பிடிக்கும், கொஞ்சம் விடும். விட்டதுதான் எலும்புக்கும் சதைக்கும் போய் வேலை செய்யும். இவர் சின்ன வயசுலேர்ந்து வலிப்புக்கு மாத்திரை சாப்பிடறார் இல்லையா, அந்த மாத்திரை இந்தப் புரதத்தை ஏத்திவிட்டிருக்கும்னு நினைக்கறேன். வர்ற பஸ்ஸையெல்லாம் உள்ளயே நிறுத்திடுது. எண்ணினா மொத்தம் சரியா இருக்கும். ஸ்டாப்புக்கு ஒண்ணும் வராது.”

“பஸ்ஸுக்கு நிக்கிறது இவரா டாக்டர்?” என்று தாரணி கேட்டாள்.

“இல்லம்மா. இவர்தான் ஸ்டாப்.”

வலிப்பு மாத்திரையை மாற்றிப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் சைதாப்பேட்டை அருகே ஓடும் பேருந்தில் புகழேந்திக்கு வலிப்பு வந்தது. பழைய மாத்திரைக்கே திரும்பினார்கள். மிச்சமிருந்த வழி மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஹார்மோன் ஊசி. உடம்பை உருட்டித் திரட்ட ஆசைப்பட்ட ஜிம் இளைஞர்கள் அதை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள் என்று புகார் வந்ததால், மருந்துக் கடைகளில் அதை விற்கத் தடை. வாரியம் மட்டுமே தரலாம். வாரியம் தந்துவிடாமல் இருப்பதற்கான விதிகளையும் வாரியமே எழுதிக்கொண்டது.

டிப்போ விளக்கத்தைத் தாரணி அப்படியே பஞ்சாட்சரத்திடம் ஒப்பித்தாள்.

“டிப்போ போக்குவரத்துத் துறை” என்றார் அவர்.

“சரி சார். அந்தப் புரதம் எவ்ளோ கீதுன்னு டெஸ்ட் பண்ணிக் குடுங்க.”

“தாராளமா. படிவம் ஏழு. அதுக்கு, புரதத்துல சிக்காத ஹார்மோன் உடம்புல குறைவா இருக்குன்னு சான்று இணைக்கணும்.”

“அப்ப அத டெஸ்ட் பண்ணுங்க.”

“தாராளமா. படிவம் எட்டு. அதுக்கு, புரதம் அதிகமா இருக்குன்னு சான்று இணைக்கணும்.”

“ரெண்டு சான்றும் இல்லாதவன் இன்னா பண்ணுவான்?”

“மேல்முறையீடு பண்ணுவான். அதுக்கு மறுபடியும் மொத்தம் பாக்கணும்.”

ஆண் ஹார்மோன் அதிகாலையில்தான் உச்சத்தில் இருக்கும். பொழுது ஏற ஏறக் குறையும். ஆகவே காலை எட்டரைக்குள் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வேண்டும் என்று உலகம் முழுக்க வழக்கம். வாரியமும் அதை ஏற்றுக்கொண்டு விதியாக்கியது. வாரியத்தின் கதவு திறப்பதோ பத்தரை மணிக்கு. டோக்கன், முத்திரை, அடையாளச் சரிபார்ப்பு எல்லாம் முடிய நண்பகலாகும். இந்த முரண்பாட்டை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. குழு ஒன்பது மாதம் கூடிப் பேசி, மாதிரி சேகரிக்கும் அறையின் சுவர்க் கடிகாரத்தை எட்டு ஐந்தில் நிறுத்திவிடும்படி பரிந்துரைத்தது. அந்த அறைக்குள் எப்போது நுழைந்தாலும் எட்டு ஐந்து. திரைகள் இழுத்து மூடப்பட்டிருந்தன. மூலையில் வானொலி பக்திப் பாடல் பாடியது. ரத்தம் எடுக்கும் ஊழியர் உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் காலை வணக்கம் சொன்னார்.

“மணி பன்னெண்டே கால் ஆவுதுங்க” என்றாள் தாரணி.

“அது வெளில. உள்ள எட்டு அஞ்சு” என்றார் ஊழியர் மரியாதையாக. “தம்பி டிபன் சாப்டலயே?”

புகழேந்தி முந்தின நாள் இரவு ஏழு மணிக்குச் சாப்பிட்டவன். தலையை மட்டும் ஆட்டினான். ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது பங்களா வாசலில் வெயில் கொதித்தது. ஒரே எட்டு வைத்துக் காலையிலிருந்து மதியத்துக்கு வந்துவிட்டதில் அவனுக்குத் தலை சுற்றியது. நடுவில் இருந்த நாலு மணி நேரம் எங்கே போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டே வாசல்படியில் உட்கார்ந்தான். தாரணி எதிர்க் கடையிலிருந்து டீயும் ஒரு பன்னும் வாங்கிவந்தாள்.

பத்து நாள் கழித்து முடிவு வந்தது. நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

பஞ்சாட்சரம் எழுந்து நின்று கை கொடுத்தார். “பன்னெண்டு ஏறியிருக்கு! எந்த மருந்தும் இல்லாம! வாரியத்துக்கு வந்துட்டுப் போனதுக்கே இந்த முன்னேற்றம்.”

“சார், இப்பல்லாம் மாடிப்படி ஏற மாட்டேங்கிறாரு. லிப்ட்டு ரிப்பேரானா கீழயே குந்திக்கினு கீறாரு.”

“அதெல்லாம் வாழ்க்கைத் துணை வாக்குமூலத்துல எழுதுங்க. இந்தாங்க படிவம் பதினொண்ணு.”

படிவம் பதினொன்றில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. கடந்த மூன்று மாதங்களில் எத்தனை முறை? மொத்தம் மட்டும் குறிப்பிடவும். தாரணி பேனாவை வாங்கி, அறையில் இருந்த பதினாலு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்று என்று எழுதினாள். பக்கத்திலேயே, கேட்காமலே, தீபாவளிக்கு முந்தின வாரம் என்று சேர்த்தாள்.

பஞ்சாட்சரம் அதைப் படித்து நெற்றியைத் தடவினார். “கல்யாணமாகி எத்தனை வருஷம்?”

“ஆறு.”

“மொத்த வருஷத்துக்கும் சேத்து ஒரு சராசரி சொல்லுங்களேன். ஆரம்ப வருஷமெல்லாம் நல்லாத்தானே இருந்திருக்கும்?”

“அதுக்கு இன்னா சார் இப்போ?”

“சராசரி பாத்தா நார்மலுக்குள்ள வந்துடும்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ஒண்ணுன்னு எழுதினா பார்க்கறவங்க உங்களைத்தான் தப்பா நினைப்பாங்க.”

“என்ன நெனச்சா நெனச்சிக்கட்டும். ஊசியக் குடுத்துட்டு நெனைக்கச் சொல்லுங்க.”

தாரணி அடையாறில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்துவந்தாள். அதில் ஒரு வீட்டில் முன்பணம் வாங்கி, அங்கே உள்ள தனியார் பரிசோதனைக்கூடத்தில் காலை ஏழரைக்கு, உண்மையான ஏழரைக்கு, புகழேந்தியை நிறுத்தினாள். அந்தப் புரதம் அவனுக்கு நூற்று முப்பத்து நாலு இருந்தது. ஐம்பத்தாறைத் தாண்டக்கூடாது. கட்டுப்படாமல் சுற்றும் ஹார்மோன், இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. டாக்டர் விஜயலக்ஷ்மி அந்தத் தாளைப் பார்த்து, “நான் நினைச்சதுதான்” என்றார். அவரிடம் சந்தோஷம் இல்லை. தன் முத்திரையைக் குத்தி, இரண்டு பக்கத்துக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தாளை வாரியம் வெளிப் புரதம் என்று வகைப்படுத்தியது. வெளிப் புரதத்தை நிபுணர் குழு மட்டுமே பார்க்கலாம். நிபுணர் குழு மாசி மாதக் கடைசியில் கூடியது. குழுவில் மூன்று பேர். இருவர் வரவில்லை. ஆனால் மொத்தம் மூன்று பேர் என்பதால் கூட்டம் செல்லும் என்று குறிப்பேட்டில் எழுதப்பட்டது. வந்திருந்த ஒருவர் வாரியத் தலைவர் ஜவஹர். வெள்ளைச் சட்டை, சந்தன வாசனை. கடிதத்தின் முதல் வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இந்த வாரியத்தை ஆரம்பிச்சப்ப என்கிட்ட கேட்டாங்க, எதை அளக்கப் போறீங்கன்னு. நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன். மொத்தம். மொத்தம்ங்கறது நாகரிகம். மிச்சமெல்லாம் துருவறது. ஒரு வீட்டுல எத்தனை பேர்னு கேட்கலாம். எத்தனை பேர் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கறாங்கன்னு கேட்கலாமா? எங்களுக்கு மொத்தம் நாற்பத்திரண்டு மருத்துவர்கள். இன்னிக்கு எத்தனை பேர் வந்திருக்காங்கன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல. கேட்டா அவங்க மனசு புண்படும்.”

“சார், புரதம்…” என்றாள் தாரணி.

“அதுக்குத்தான் வர்றேன். ஏன் அதை ஏதோ திருடன் மாதிரிப் பேசறீங்க? ஹார்மோனைக் கண்டபடி அலையவிடாம, ஒரு இடத்துல உட்காரவெச்சுக் காப்பாத்துது. உட்கார்ந்திருக்கறதும் சேவைதாம்மா. நான் இருபத்தாறு வருஷமா உட்கார்ந்திருக்கேன். நான் கிடைக்கலைன்னு யாராவது சொல்லியிருக்காங்களா? கிடைக்காதவங்க எப்படி வந்து சொல்லுவாங்க? புகாரே கிடையாது.”

அவர் சிரித்தார். பஞ்சாட்சரமும் சிரித்தார். புகழேந்தி அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது ஒரு ஏணி உயரத்தில் இருந்தது.

தலைவர் நிராகரிப்பு என்று எழுதப் பேனாவைத் திறந்தபோது பஞ்சாட்சரம் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார். நிதியாண்டு முடிய இன்னும் பதினேழு நாள்தான் இருந்தது. ஐந்நூறு பயனாளிகள் என்று சித்திரையிலேயே சுவரொட்டி அடித்தாகிவிட்டது. பதிவேட்டில் இருந்தவர்கள் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல்முறையாகப் புகழேந்தியை ஏறிட்டுப் பார்த்தார்.

“பாவம், மெலிஞ்சு போயிருக்காரே” என்றார்.

விழா மயிலாப்பூரில் ஒரு சபா மண்டபத்தில் நடந்தது. ஐந்நூறாவது பயனாளி என்பதால் புகழேந்தியை மட்டும் மேடைக்கு அழைத்தார்கள். ஆறடி உயரத்தில் தெர்மோகோலில் செய்த ஊசி ஒன்றை, மஞ்சள் ரிப்பன் கட்டி, இருவர் தூக்கிவந்தார்கள். அவன் அதைப் பிடித்துக்கொண்டு நின்றான். அதற்கு எடையே இல்லாதது அவனுக்கு ஆறுதலாக இருந்தது. தலைவர் பேசும்போது, பிணைந்திருப்பதே இந்த மண்ணின் பண்பாடு என்றார். பிறகு மைக்கைப் பிடித்த கையோடு புகழேந்தியை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

டக் என்று ஒரு சத்தம் ஒலிபெருக்கிகளில் கேட்டது. கூட்டம் கைதட்டியது. வலது பக்கம், ஆறாவது விலா. புகைப்படக்காரர் இன்னொருமுறை அணைக்கச் சொன்னார்.

“யோவ், வுடுய்யா அவர!” என்று முன்வரிசையில் இருந்து தாரணி போட்ட சத்தம் கைதட்டலில் கரைந்துபோனது. மேடையை விட்டு இறங்கியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, “நிஜ ஊசி எங்க?” என்பதுதான். தெர்மோகோல் ஊசியை அடுத்த வருட விழாவுக்காகத் திரும்ப வாங்கிக்கொண்ட ஊழியர், “அது கிடங்குல கிடைக்கும்” என்றார்.

கிடங்கு பங்களாவின் பின்கட்டில் இருந்தது. கம்பிவலை அடித்த ஜன்னல், உள்ளே எட்டு இரும்பு பீரோக்கள். பொறுப்பாளர் ஹரி இளைஞர்; அந்த வாரியத்தில் கண்ணைப் பார்த்துப் பேசுகிற ஒரே ஆள். பதிவேட்டைப் புரட்டி, “இருக்குங்க. ஒங்க பேர்லயே ஒதுக்கியாச்சு. வேற யாரும் தொட முடியாது” என்றார்.

“குடுங்க” என்றாள் தாரணி.

“ஒதுக்கினதை எடுக்கறதுக்கு விடுவிப்பு அலுவலர் கையெழுத்து வேணும்க்கா.”

“அவரு எங்க?”

“பணியிடம் இருக்கு. ஆள் போடல.”

“எப்ப போடுவாங்க?”

ஹரி குரலைத் தாழ்த்தினார். “போட மாட்டாங்கக்கா. வருஷா வருஷம் தணிக்கைக்கு வருவாங்க. வந்து பீரோவைத் திறந்து எண்ணுவாங்க. ஐந்நூறு பேர், ஐந்நூறு ஊசி, சரியா இருக்கணும். ஒண்ணு குடுத்தாலும் குறைஞ்சுடும்ல? குறைஞ்சா விளக்கம் எழுதணும். எழுதறதுக்கும் ஆள் இல்ல.”

“மத்த நானூத்தித் தொண்ணூத்தொம்போது பேரு?”

ஹரி திரும்பி பீரோக்களைப் பார்த்தார். “எல்லாரோடதும் பத்திரமா இருக்கு.”

டாக்டர் விஜயலக்ஷ்மி வாரியத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றுக்கும் பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. நான்காவதாக எழுத உட்கார்ந்தவர், வெகுநேரம் ஜன்னலைப் பார்த்திருந்துவிட்டு, வலி மாத்திரையும் கால்சியமும் எழுதிக் கொடுத்தார். சித்திரை போய், வைகாசி போய், ஆனியும் முடியப்போனது. ஆடி பிறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் அண்ணாச்சி கடையில் வேறொருவன் ஏணியில் ஏறினான். அண்ணாச்சி புகழேந்திக்கு ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்து அனுப்பினார். அதை அவனால் வீடுவரை தூக்கிப்போக முடியவில்லை. பேருந்து நிறுத்தத்தில் பக்கத்தில் நின்ற அம்மாளிடம் கொடுத்துவிட்டான். தாரணி மூன்றாவதாக ஒரு வீட்டுச் சமையலையும் பிடித்துக்கொண்டாள். அவனோடு கோபாலபுரம் வர அவளுக்கு நேரமில்லை. “நீ போயும் இன்னா ஆவப் போவுது, வூட்ல படு” என்றாள் ஒருநாள். சொல்லிவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, அவனுக்கு டிபன் டப்பாவும் கட்டினாள்.

அவன் போனான். செவ்வாயும் வெள்ளியும் போனான். கிடங்கு ஜன்னலுக்கு எதிரே ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பான். எதுவும் கேட்க மாட்டான். ஹரி தேநீர் வரும்போது அவனுக்கும் ஒரு கோப்பை நீட்டுவார்.

ஆடி மூன்றாம் வெள்ளி அன்று வாரியத்தில் யாரும் இல்லை. எல்லோரும் தலைவருடைய அறுபதாம் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். ஹரி சாவிக்கொத்தை எடுத்து ஆறாவது பீரோவைத் திறந்தார். சின்ன அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, அதிலிருந்து விரல் நீளக் கண்ணாடிக் குப்பியைக் கம்பிவலைக்கு அருகே கொண்டுவந்தார்.

“நீங்க ஒருதடவகூடப் பாக்கலல்ல, அண்ணே. இதான். ஒங்க பேர் எழுதியிருக்கு பாருங்க.”

புகழேந்தி எழுந்து வந்தான். எழுந்திருக்க அவனுக்கு நேரமாயிற்று. மருந்து எண்ணெய் மாதிரி இளமஞ்சளாக இருந்தது. குப்பியின் வயிற்றைச் சுற்றி ஒட்டிய தாளில் அவன் பெயரும் தகப்பன் பெயரும் நீல மையில் இருந்தன. கீழே காலாவதித் தேதி, ஆவணி. ஜன்னலின் அடியில் டீ கோப்பை நுழையும் அளவுக்கு ஒரு இடைவெளி இருந்தது. அவன் அதன் வழியே உள்ளங்கையை நீட்டினான்.

“எடுத்துகினு போவ மாட்டேன் சார். தாரணிக்கு ஒரு போன் போட்டுட்டு, அது வர்ற வரைக்கும் இங்கியே நிக்கிறேன். தாரணி வந்து பாக்குற வரைக்கும் மட்டும், இத நான் கைல வெச்சிக்கட்டுமா?”